பழைய மோட்டோகிராஸ் வண்டியும் புதியதும்: ஒப்பிட்டுப் பேசுவோருக்கு ஒரு திறந்த மடல்

மண்தடப் பந்தய ரசிகர்களுக்கும், பழைய பந்தய வண்டிகளைத் தேடிப் பிடித்துப் புதுப்பிக்கும் நண்பர்களுக்கும்,

மோட்டோகிராஸ் வண்டிகளில் பழையதற்கும் புதியதற்கும் உள்ள பெரிய வித்தியாசம் பின்சக்கரம் மேலும் கீழும் எவ்வளவு தூரம் போய்வருகிறது என்பதில் இருக்கிறது. 1973 வரை விற்பனைக்கு வந்த வண்டிகளின் பின்சக்கரத்துக்கு ஏறக்குறைய 100 மில்லிமீட்டர்தான் இடம். இன்றைய வண்டிகளில் அது 300 மில்லிமீட்டரைத் தாண்டுகிறது. இதே ஐம்பது ஆண்டுகளில் 250 சிசி டூ-ஸ்ட்ரோக் இன்ஜினின் திறன் 30 குதிரைத்திறனை ஒட்டிய அளவிலிருந்து 45-க்குச் சற்று மேலே வந்திருக்கிறது. திறன் ஒன்றரை மடங்கு. சஸ்பென்ஷன் மூன்று மடங்கு. ஆனாலும் பழையதா புதியதா என்ற வாதம் எங்கே தொடங்கினாலும் முதலில் வருவது குதிரைத்திறன் கணக்குதான்.

பழைய வண்டிகளுக்கென்றே பந்தயம் நடத்துகிறவர்கள் இந்தத் தவறைச் செய்வதில்லை. அமெரிக்காவின் ஏ.எச்.ஆர்.எம்.ஏ. என்ற பழம்பந்தய வண்டிச் சங்கத்தின் விதிப்படி, 'வின்டேஜ்' வகுப்புகளில் ஓடும் வண்டிக்கு முன்சக்கர அசைவு 7 அங்குலத்தையும் பின்சக்கர அசைவு 4 அங்குலத்தையும் தாண்டக் கூடாது. அதற்கு அடுத்த தலைமுறைக்காகப் பல பழம்பந்தயங்களில் உள்ள 'எவல்யூஷன்' வகுப்பில் மூன்று நிபந்தனைகள்: காற்றால் குளிரும் இன்ஜின், டிரம் பிரேக், நெம்புகோல் இணைப்பு (லிங்கேஜ்) இல்லாத பின் சஸ்பென்ஷன். சிசி அளவை வைத்து வகுப்புப் பிரிப்பது வேறு விஷயம். ஒரு வண்டி எந்தக் காலத்தைச் சேர்ந்தது என்று முடிவு செய்ய அங்கே அளவுகோலைத்தான் எடுக்கிறார்கள், திறனை அளக்கும் டைனோ இயந்திரத்தை அல்ல.

மோட்டோகிராஸின் வேர் இங்கிலாந்தின் 'ஸ்கிராம்பிள்' பந்தயங்களில் இருக்கிறது. முதல் ஸ்கிராம்பிள் 1924-இல் சர்ரே மாவட்டத்தின் கேம்பர்லியில் நடந்தது. 500 சிசி பிரிவுக்கு 1957-இல் உலக சாம்பியன் பட்டம் வந்தது. அப்போது ஆட்சி செய்தவை கனத்த ஃபோர்-ஸ்ட்ரோக் வண்டிகள். பிஎஸ்ஏ வண்டியில் ஜெஃப் ஸ்மித் 1964, 1965 ஆகிய இரண்டு ஆண்டுகளும் பட்டம் வென்றார். அடுத்த ஆண்டே கிழக்கு ஜெர்மனியின் பால் ஃபிரீட்ரிக்ஸ், செக்கோஸ்லோவாக்கியாவின் சிஇசட் டூ-ஸ்ட்ரோக்கில் 500 பட்டத்தைப் பறித்துக்கொண்டார். 1967, 1968-லும் அவரே சாம்பியன். (மைசூரில் ஐடியல் ஜாவா தயாரித்த ஜாவாவும் யெஸ்டியும் அதே செக் டூ-ஸ்ட்ரோக் மரபின் பிள்ளைகள். ஒற்றை சிலிண்டருக்கு இரட்டை சைலன்சர் வைக்கும் பழக்கம் பழைய சிஇசட் மோட்டோகிராஸ் வண்டிகளிலும் உண்டு.) பிஎஸ்ஏ எடையைக் குறைத்துப் பதிலடி கொடுக்க நினைத்து டைட்டானியத்தில் சட்டகம் செய்தது. சட்டகம் லேசாகத்தான் இருந்தது. ஆனால் விரிசல் விட்டால் பந்தய மைதானத்தின் ஓரத்தில் வைத்து வெல்டிங் செய்ய முடியாது. டைட்டானியத்தைக் காற்றுப் படாமல்தான் பற்றவைக்க வேண்டும். அந்த முயற்சி அதோடு முடிந்தது.

எடை விஷயத்தில் பலரும் எதிர்பார்க்காத ஒன்று உண்டு. ஐம்பது ஆண்டுகளில் எடை குறையவே இல்லை. 1973-இல் வந்த ஹோண்டா எல்சினோர் 250, பெட்ரோல் இல்லாமல் சுமார் 97 கிலோ. இன்றைய யமஹா ஒய்இசட்250 பெட்ரோலோடு 103 கிலோ அளவில் இருக்கிறது; 450 சிசி ஃபோர்-ஸ்ட்ரோக்குகள் 110 கிலோவை ஒட்டி நிற்கின்றன. 1970-களின் தொடக்கத்தில் சுசுகியின் தொழிற்சாலை அணி வண்டிகள் எவ்வளவு லேசாக இருந்தன என்றால், 1973-இல் சர்வதேச மோட்டார் சைக்கிள் சம்மேளனம் குறைந்தபட்ச எடை விதியே கொண்டுவர வேண்டியதாயிற்று. பிறகு ரேடியேட்டர் வந்தது, டிஸ்க் பிரேக் வந்தது, நீண்ட ஃபோர்க் வந்தது, செல்ஃப் ஸ்டார்ட் மோட்டாரும் பேட்டரியும் வந்தன. இவ்வளவையும் ஏற்றிக்கொண்டு எடையை அதே இடத்தில் பிடித்து வைத்ததுதான் புதிய வண்டியின் சாதனை.

சஸ்பென்ஷனுக்கு வருவோம். ஒரு வண்டி ஒரு மீட்டர் உயரத்திலிருந்து சமதரையில் விழுகிறது என்று வைத்துக்கொண்டால், அந்த வீழ்ச்சியை 100 மில்லிமீட்டருக்குள் நிறுத்துவதற்குச் சராசரியாக அதன் எடையைப் போல் 11 மடங்கு விசை தேவை. நிறுத்துவதற்கு 300 மில்லிமீட்டர் கிடைத்தால் 4 மடங்கைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். டயரும் ஓட்டுநரின் முழங்காலும் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும் என்றாலும் விகிதம் பெரிதாக மாறாது. மிச்சமாகும் அந்த விசை முன்பெல்லாம் சட்டகத்துக்கும் ஓட்டுநரின் முதுகுக்கும் மணிக்கட்டுக்கும் போனது. இதைவிட முக்கியமான ஒன்றும் உண்டு: சக்கரம் காற்றில் நிற்கும் நேரத்தில் இன்ஜின் எவ்வளவு திறன் கொடுத்தாலும் அது வீண். மேடுபள்ளமான நேர்தடத்தில் பழைய வண்டியின் பின்சக்கரம் மேட்டுக்கு மேடு தாவுகிறது. புதிய வண்டியின் சக்கரம் பள்ளத்துக்குள்ளும் இறங்கி மண்ணைப் பிடித்துத் தள்ளுகிறது.

பழைய ஷாக் அப்சார்பர் ஒன்றைப் பிரித்துப் பார்த்தால் இன்னொரு விஷயமும் புரியும். உள்ளே ஒரு குழாய், பாதிக்கு மேல் எண்ணெய், அதன்மேல் கொஞ்சம் காற்று, நடுவே துளையிட்ட ஒரு சிறிய பிஸ்டன். துளை வழியே எண்ணெய் பிதுங்கிப் போகும்போது ஏற்படும் தடைதான் ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்குகிறது. வேகமாக ஓட ஓட எண்ணெய் சூடேறி மெலிகிறது. காற்றோடு கலந்து நுரைக்கிறது. நுரை துளை வழியே எந்தத் தடையும் இல்லாமல் போய்விடும். அதன்பிறகு வண்டியைத் தாங்குவது வெறும் ஸ்பிரிங் மட்டுமே. 1970-களில் கிராண்ட் ப்ரீ பந்தயம் ஒன்று 40 நிமிடமும் அதற்குமேல் இரண்டு சுற்றும் நீடித்தது. அதில் பாதி தூரத்துக்கு ஷாக் அப்சார்பர் பெயருக்குத்தான் இருக்கும். இன்றைய ஷாக்கில் எண்ணெயும் அழுத்தமேற்றிய நைட்ரஜனும் ஒன்றையொன்று தொடாதபடி தனித்தனி அறைகளில் இருக்கின்றன. சூடு தணிய எண்ணெயின் அளவும் அதிகம். பந்தய நேரமோ 30 நிமிடமும் இரண்டு சுற்றுமாகக் குறைந்துவிட்டது.

இந்த மாற்றத்துக்கு வழி திறந்தவர் லூசியன் டில்கென்ஸ் என்ற பெல்ஜியப் பொறியாளர். பின்பக்கத்தில் இரண்டு ஷாக்குகளுக்குப் பதிலாக, பெட்ரோல் டாங்கிக்கு அடியில் ஒரே ஒரு நீண்ட ஷாக்கைப் படுக்கவைத்தார். சுசுகி அதை வேண்டாம் என்றது, யமஹா வாங்கிக்கொண்டது. 1973-இல் ஸ்வீடனின் ஹாகன் ஆண்டர்சன் அந்த 'மோனோஷாக்' வண்டியில் 250 சிசி உலகப் பட்டம் வென்றார். அதற்குப் பிறகு தொடங்கிய போட்டியை நினைத்தால் வியப்பாக இருக்கிறது. இரட்டை ஷாக் வைத்திருந்த நிறுவனங்களும் ஷாக்குகளை முன்னால் தள்ளிச் சாய்த்துப் பொருத்தின. 4 அங்குலமாக இருந்த அசைவு ஐந்தே ஆண்டுகளில் 10 அங்குலத்தைத் தொட்டது. 1974-இல் வாங்கிய வண்டி 1976-இல் காலாவதி. விளையாட்டின் வரலாற்றில் அவ்வளவு வேகமான காலம் முன்னும் இல்லை, பின்னும் இல்லை. 1980-ஐ ஒட்டி கவாசாகியின் யூனி-டிராக், ஹோண்டாவின் புரோ-லிங்க், சுசுகியின் ஃபுல் ஃபுளோட்டர் ஆகிய லிங்கேஜ் அமைப்புகள் வந்தன. அசைவின் தொடக்கத்தில் இளகி, முடிவுக்கு வர வர இறுகும் குணத்தை இந்த லிங்கேஜ் தருகிறது. 1982-க்குள் பின்சக்கர அசைவு ஏறக்குறைய 12 அங்குலத்துக்கு வந்துவிட்டது. இன்றுவரை அங்கேயே நிற்கிறது.

முன்பக்க ஃபோர்க்கின் முன்னேற்றம் மெதுவாக வந்தது. பழைய ஃபோர்க்கில் எண்ணெய் போவதற்கு மாறாத அளவுள்ள துளைகள். மெதுவாக அமுங்கினால் தடை போதாது, கல் மீது வேகமாக மோதினால் தடை மிதமிஞ்சிப்போகும். 1980-களின் இரண்டாம் பாதியில் பரவிய கார்ட்ரிட்ஜ் ஃபோர்க்கில், மெல்லிய எஃகுத் தகடுகள் அழுத்தத்துக்கு ஏற்ப வளைந்து வழிவிடுகின்றன. கூடவே 35, 36 மில்லிமீட்டராக இருந்த குழாயின் பருமன் 48, 49-க்கு வந்தது. ஃபோர்க் வளைந்தால் வண்டி எங்கே போகிறது என்பது ஓட்டுநரின் கையில் இல்லை என்பதால், இந்தப் பருமன் வெறும் தோற்றத்துக்காக வந்ததல்ல.

குதிரைத்திறனால் மட்டும் பந்தயம் முடிவாவதில்லை என்பதற்கு 1986-இல் இத்தாலியின் மஜ்ஜோராவில் நடந்த 'மோட்டோகிராஸ் ஆஃப் நேஷன்ஸ்' பந்தயமே சாட்சி. அமெரிக்காவின் ஜானி ஓ'மாரா 125 சிசி ஹோண்டாவில், 500 சிசி வண்டிகளோடு கலந்து ஓடினார். அந்த ஆண்டு 500 சிசி உலக சாம்பியனான டேவிட் தோர்ப்பையே துரத்திப் பிடித்து முந்தினார். தோர்ப் ஓட்டியது தொழிற்சாலை அணியின் 500 சிசி ஹோண்டா. இன்ஜின் அளவில் நான்கு மடங்கு. நல்ல சஸ்பென்ஷன், லேசான வண்டி, அசாத்தியமான ஓட்டுநர் மூன்றும் சேர்ந்தால் சிசி எண் தோற்றுப்போகும்.

திறன் எவ்வளவு என்பதைவிட அது எப்போது வருகிறது என்பது பெரிய கேள்வி. ஆர்எக்ஸ் 100 ஓட்டியவர்களுக்கு டூ-ஸ்ட்ரோக்கின் குணத்தை விளக்க வேண்டியதில்லை: கீழே சோம்பல், குறிப்பிட்ட சுழற்சி வேகத்தைத் தொட்டதும் திடீர்ப் பாய்ச்சல். பழைய பந்தய வண்டிகளில் அந்தப் பாய்ச்சலின் வீச்சு மிகக் குறுகலானது. தப்பினால் கிளட்சைப் பிடித்து மீட்க வேண்டும். 1982-இல் யமஹா தன் 250-இல் பொருத்திய பவர் வால்வு, வெளியேற்றுத் துளையின் உயரத்தைச் சுழற்சி வேகத்துக்கு ஏற்ப மாற்றி அந்த வீச்சை அகலப்படுத்தியது. ஹோண்டாவும் கவாசாகியும் 1984, 1985-இல் தங்கள் முறையில் இதையே செய்தன. ஹோண்டா சிஆர்500 இதற்கு நல்ல உதாரணம். 491 சிசி டூ-ஸ்ட்ரோக்; உச்சத் திறனில் இன்றைய 450 ஃபோர்-ஸ்ட்ரோக்குக்குச் சளைத்ததல்ல. ஆனால் அந்தத் திறன் ஒரே மூச்சில் வந்து விழுகிறது. 450-இல் அது அடியிலிருந்து நுனிவரை சீராகப் பரவியிருக்கிறது. சராசரி ஓட்டுநர் ஒருவர் சிஆர்500-இல் ஆக்சிலரேட்டரைப் பாதிதான் திருகத் துணிவார்; 450-இல் முக்கால் வரை போவார். தடத்தில் நேரத்தை மிச்சப்படுத்துவது அந்தக் கூடுதல் கால்பங்குதான்.

ஃபோர்-ஸ்ட்ரோக்கின் மறுவருகைக்குக் காரணமும் இதுவே. 1997-இல் லாஸ் வேகஸில் நடந்த சூப்பர்கிராஸ் அரங்கப் பந்தயத்தில் டக் ஹென்றி யமஹாவின் 400 சிசி ஃபோர்-ஸ்ட்ரோக் முன்மாதிரியில் வென்றார். 1998-இல் அமெரிக்காவின் 250 பிரிவு வெளிப்புறத் தேசியப் பட்டத்தையும் ஃபோர்-ஸ்ட்ரோக்கிலேயே எடுத்தார். 250 டூ-ஸ்ட்ரோக்கோடு போட்டியிட ஏறக்குறைய இருமடங்கு சிசியை விதி அனுமதித்திருந்தது. அந்தச் சலுகையின் துணையோடு, பத்தாண்டு சொச்சத்தில் மேல்மட்டப் பந்தயங்களிலிருந்து டூ-ஸ்ட்ரோக் ஏறக்குறைய மறைந்தது. சிசிக்குச் சிசி கணக்குப் பார்த்தால் இன்றும் டூ-ஸ்ட்ரோக்தான் முன்னே: 250-க்கு 45 குதிரைத்திறன் எங்கே, 450-க்கு 55 எங்கே! 'புதிய இன்ஜின் பழையதை வென்றது' என்று சொல்வதைவிட 'புதிய விதி வென்றது' என்று சொல்வது நேர்மையாக இருக்கும். மின்வண்டிகளும் இப்போது களத்தில் இருக்கின்றன. ஸ்டார்க் வார்க் என்ற வண்டிக்கு 80 குதிரைத்திறன் என்கிறார் தயாரிப்பாளர்; வேண்டிய அளவுக்குக் குறைத்து வைத்துக்கொள்ளவும் வசதி செய்து கொடுத்திருக்கிறார். குறைத்து வைக்க வசதி தேவைப்படுகிறது என்பதே திறன் எப்போதோ போதுமான அளவைத் தாண்டிவிட்டதைக் காட்டுகிறது.

பிரேக்கில் வாதத்துக்கு இடமே இல்லை. டிரம்முக்குள் சேற்று நீர் புகுந்தால் முதல் இரண்டு முறை அழுத்தும்போது ஒன்றும் நடக்காது. மூன்றாவது முறை சக்கரம் பூட்டிக்கொள்ளும். பின் டிரம் இன்னொரு தொல்லையும் கொடுத்தது. பிரேக் பிடிக்கும்போது அதன் முறுக்கு விசை சஸ்பென்ஷனை இறுக்கி, சக்கரத்தைத் தட்தட்டென்று தட்டவைக்கும். கவாசாகி 1982-இல் முன்சக்கரத்துக்கு டிஸ்க் கொண்டுவந்தது. சில ஆண்டுகளில் பின்சக்கரத்துக்கும் வந்தது. ஒற்றை விரலால் பிரேக் பிடிக்க முடிவதால் மற்ற விரல்கள் ஹேண்டில்பாரை விடாமல் பற்றிக்கொள்கின்றன. 1981-இல் 125 சிசி வண்டிகளில் தொடங்கிய நீர்க்குளிர்ச்சி, பந்தயத்தின் கடைசிப் பத்து நிமிடத்தில் இன்ஜின் திறன் வடிந்துபோவதைத் தடுத்தது. செல்ஃப் ஸ்டார்ட் வந்த பிறகு, வளைவில் விழுந்து எழுந்தவர் கிக்கரை உதைத்து உதைத்து இடங்களை இழப்பதும் நின்றது.

வளைவு என்று வந்தால் பழைய வண்டிகளின் பக்கமும் பேச நியாயம் இருக்கிறது. ஜெர்மனியின் மைக்கோ 1981-இல் விற்ற 490, இரட்டை ஷாக், காற்றுக் குளிர்ச்சி, டிரம் பிரேக் வைத்த வண்டி. முன்சக்கரம் வளைவில் மண்ணைக் கடித்துத் திரும்பும் விதத்துக்காக இன்றும் பெயர் சொல்லப்படுகிறது. இரண்டே ஆண்டில் நிறுவனம் திவாலானது தனிக்கதை. சட்டகத்தின் கோணங்கள், எடைப் பகிர்வு ஆகியவற்றில் அந்த வண்டியின் வடிவமைப்பாளர்கள் கண்ட விடைகளிலிருந்து இன்றைய வண்டிகள் வெகுதூரம் விலகிவிடவில்லை. இருக்கையில்தான் வேறுபாடு. பழைய வண்டியில் உயர்ந்த டாங்கி நடுவே துருத்தி நிற்கும். புதியதில் இருக்கை டாங்கிமீது ஏறித் தட்டையாக ஓடுவதால், வளைவுக்கு முன்னால் ஓட்டுநர் நகர்ந்து எடையை முன்சக்கரத்தின்மேல் கொண்டுபோக முடிகிறது.

தடமும் வண்டியோடு சேர்ந்தே மாறியது. ஒப்பிடுகிறவர்கள் அடிக்கடி விட்டுவிடும் விஷயம் இது. இங்கிலாந்தின் ஹாக்ஸ்டோன் பார்க், ஃபார்லி காசில், பெல்ஜியத்தின் நமூர் கோட்டை ஆகியவை இயற்கையான மேடுகளும் மரங்களும் வேர்களும் நிறைந்த தடங்கள். 1972-இல் லாஸ் ஏஞ்சலிஸ் கொலீசியம் அரங்குக்குள் மண்ணைக் கொட்டிப் பந்தயம் நடத்தினார்கள். 16 வயது மார்ட்டி டிரைப்ஸ் வென்றார். சூப்பர்கிராஸ் அங்கே பிறந்தது. செயற்கைத் தாவுமேடுகள் அதன்பிறகு உயர்ந்துகொண்டே போயின. சஸ்பென்ஷன் நீண்டதால் மேடு உயர்ந்தது, மேடு உயர்ந்ததால் சஸ்பென்ஷன் இன்னும் உறுதியாக வேண்டியிருந்தது. எல்சினோரை இன்றைய மும்மேட்டுத் தாவலில் ஏற்றினால் சட்டகம் முறியும், ஓட்டுநரின் எலும்பும் முறியும். அதே எல்சினோரை வளைவுகள் நெருங்கிய ஒரு புல்தடத்தில் விட்டால் இடைவெளி வெகுவாகச் சுருங்கும். 1975-இன் சுற்று நேரத்தையும் இன்றைய சுற்று நேரத்தையும் அருகருகே எழுதி வைத்துப் பயனில்லை. அவை வேறு வேறு தடங்களின் நேரங்கள்.

இன்று ஓடும் பழைய வண்டி உண்மையிலேயே பழையதுதானா என்பதையும் கேட்க வேண்டும். புதுப்பிக்கிறவர்கள் பழைய ரிம்மில் இன்றைய டயரைப் போடுகிறார்கள். பாயின்ட்டைக் கழற்றிவிட்டு மின்னணு இக்னிஷன் வைக்கிறார்கள். ஷாக்கின் வெளித்தோற்றம் பழையதாக இருக்க, உள்ளே வால்வும் எண்ணெயும் புதியவை. டயர் ஒன்றே பெரிய மாற்றம் தரும். பழைய வண்டி நன்றாக ஓடுகிறது என்று பாராட்டுவதில் தவறில்லை. அந்தப் பாராட்டில் ஒரு பங்கு இன்றைய ரப்பர் வேதியியலுக்குச் சேர வேண்டியது.

பராமரிப்பில் பழையது ஜெயிக்கிறது. இன்றைய 250 ஃபோர்-ஸ்ட்ரோக் நிமிடத்துக்கு 14,000 சுற்று வரை சுழல்கிறது. இந்த வண்டிகளுக்குக் கிலோமீட்டர் மீட்டர் இருப்பதில்லை, மணிக்கணக்கைக் காட்டும் மீட்டர்தான். பந்தய ஓட்டத்துக்கு 15 மணி நேரத்துக்கு ஒருமுறை பிஸ்டனை மாற்றச் சொல்லும் தொழிற்சாலைக் கையேடுகளும் உண்டு. அதைத் தவறவிட்டு இன்ஜின் உடைந்தால் வால்வு, சிலிண்டர் ஹெட் எல்லாம் சேர்ந்து போகும். காற்றுக் குளிர்ச்சி டூ-ஸ்ட்ரோக்கில் பிஸ்டனும் ரிங்கும் மாற்றுவது சாதாரணப் பட்டறையில் சாதாரணக் கருவிகளால் ஒரு மாலைக்குள் முடிகிற வேலை. பழைய வண்டிக்கு உதிரிபாகம் தேடுவது கடினம் என்பது உண்மை. என்றாலும் கிடைத்த பாகத்தைப் பொருத்த மடிக்கணினி தேவையில்லை.

எனவே இரண்டையும் ஒப்பிட்டுச் சோதிக்க விரும்புகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒரே நாள், ஒரே தடம், ஒரே ஓட்டுநர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வண்டியிலும் ஒரே காலத்து டயர் இருக்கட்டும். முதல் சுற்றின் நேரத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஷாக் எண்ணெய் சூடாகி, ஓட்டுநரின் முன்கை மரத்துப்போன 30-ஆவது நிமிடத்தில் ஓடும் சுற்றின் நேரத்தைக் குறித்து வைத்துக்கொண்டு, அதன்பிறகு வாதத்தைத் தொடங்குங்கள்.